அக்காவுக்குப் பைத்தியம் இல்லை

என் செல்ல அக்கா,

நேற்று உன் புருஷனின் இரண்டாம் கல்யாணத்தை உடைத்துவிட்டேன். முதல் சேதி உனக்குத்தான்.

ஆயர் ஈத்தாமில் பெண் வீடு. தாம்பூலத் தட்டு மாற்றப் போகும் நேரம். "மொதப் பொண்டாட்டிக்குப் பைத்தியம். அதுலயே போய்ச் சேர்ந்துட்டா" என்று அத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அழைக்காத வீடுதான். ஆனாலும் உள்ளே நுழைந்தேன்.

நீரிழிவுக்கு இன்சுலின் ஊசி தொடங்கிய அன்று டாக்டர் நம் மூவரிடமும் சொன்னது நினைவிருக்கிறதா? "ஊசி போட்டா சாப்பிட்டாகணும். ரத்தத்துல சர்க்கரை இறங்கினா கை நடுங்கும், வேர்க்கும், கண்டபடி கோபம் வரும். அந்தக் கோபம் நோயோடது, அவங்க மேல பழி போடாதீங்க. உடனே சீனித்தண்ணி குடுங்க." அத்தானும் தலையாட்டினார்.

சர்க்கரை ஏறிய நாட்களில் சுவரைப் பார்த்தபடி சோர்ந்து கிடப்பாய். அவர் கத்திவிட்டுப் போனால் அது இன்னும் ஏறும். எல்லாம் தெரிந்தும் கடைத்தெரு முழுக்க, "அவ கிலா லா, சுத்தப் பைத்தியம்" என்று மலாயிலும் தமிழிலும் பரப்பினாரே!

அந்த மதியம் நான் வந்தபோது உன்னைப் பின்னறையில் பூட்டியிருந்தார். ஊசி போட்டுக்கொண்டு நீ சோற்றில் கை வைக்குமுன் சண்டை இழுத்திருக்கிறார். நடுக்கத்தில் நீ தட்டை வீசினாயாம். "சீனி... கொஞ்சம் சீனி..." என்று கதவுக்குப் பின்னால் உன் குரல் குழறியது.

"சாவியக் குடுங்க அத்தான்!"

"கெடக்கட்டும். கோபம் அடங்கினா புத்தி வரும்."

சாவியோடு கடைக்குப் போய்விட்டார். பக்கத்து வீட்டார் கதவை உடைத்தபோது உன் புடவை வேர்வையில் நனைந்திருந்தது. உன் உதட்டில் சீனியைத் தேய்த்தேன். நீ விழிக்கவில்லை.

நேற்று சபையில் இதைத்தான் சொன்னேன். அந்தப் பெண் நிமிர்ந்து அத்தானைப் பார்த்தாள். "டாக்டர் சொன்னது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?" அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் எழுந்து உள்ளே போனாள். அவளுடைய அப்பா தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

தெருவில் அத்தான் என்னை மறித்தார். "என்னை வாழவே விடமாட்டியா?"

"மாட்டேன்."

வயிறு குளிர்ந்தது, அக்கா. நீ இருந்திருந்தால் என்னைத் தடுத்திருப்பாயா?

தடுத்தாலும் கேட்கமாட்டேன். பிறையோ ஈப்போவோ, அவர் எந்த ஊரில் பெண் பார்த்தாலும் அந்த வீட்டு வாசலில் நான் நிற்பேன். இது உன்மேல் சத்தியம்.

கோபம் ஆறாத உன் கூடப்பிறந்தவள்,
தங்கச்சி ராஜம்