நடு மடிப்பில் வைத்த சீட்டு

3 பிப்ரவரி 2025, திங்கள்
எங்கள் வீட்டு மாடி ரூமில் வாடகைக்குத் தங்கியிருந்த விழுப்புரத்துக் குடும்பம் இன்று கிளம்பியது. முகூர்த்தப் புடவை எடுக்க ஒரு ராத்திரி என்று காஞ்சிபுரம் வந்தவர்கள், மூணு ராத்திரி தங்கினார்கள். அம்மாவுக்குப் பச்சை, பொண்ணு பிரியதர்ஷினிக்கு அரக்கு, அப்பாவுக்குச் சாப்பாடு எப்போ என்பதுதான் கவலை. மூணு பேரையும் கிண்டல் பண்ணியே என் வாய் வலிக்கிறது.

ரூமைப் போட்டிருக்கிற ஆப்காரன் ராத்திரிக்கு ராத்திரி வாடகையில் பங்கு எடுக்கிறான். ஒரு தலையணை உறை துவைத்திருப்பானா? ஆப்பில் என் போன் நம்பரை எழுதினால் நட்சத்திரக் குறி போட்டு மறைத்துவிடுகிறான்.

அதனால் புடவையை நானே மடித்துக் கொடுக்கிறேன் என்று வாங்கி, நடு மடிப்பில் ஒரு சீட்டு வைத்தேன். பென்சிலில்தான் எழுதினேன். பேனா மை பட்டில் ஏறினால் போகாது. 'அடுத்த தடவை ஆப் வேணாம், நேரா கூப்பிடுங்க. மாடி ரூம் கிருஷ்ணவேணி.' கீழே நம்பர்.

1 மார்ச்
இதுவரை ஏழு குடும்பத்துக்குச் சீட்டு வைத்தாச்சு. ஆப்பிலிருந்து ரூமை எடுக்கச் சொன்னேன். மகள் தேவிப்ரியா, ஒரு போனாவது வரட்டும் என்றாள். எடுத்துடுடி என்றேன். எடுத்துவிட்டாள்.

22 மார்ச்
போன் வந்தது. கேஸ் சிலிண்டர்காரன்.

14 ஏப்ரல், புது வருஷம்
மாடி காலி. கடைக்காரர் ஒருத்தர் குடோனுக்குக் கேட்கிறார், ஆனி பிறந்ததும் கொடுத்துடலாம் என்கிறார் ஆட்டோ ஓட்டுகிற என் வீட்டுக்காரர். நான் பதிலுக்கு எதுவும் கிண்டல் பண்ணவில்லை. அதில்தான் மனுஷன் பயந்துபோனார்.

குடோன் வந்தால் யாரை ஓட்டறது — அட்டைப் பெட்டியையா?

20 மே
வெட்கத்தை விட்டு, ரூமைத் திரும்ப ஆப்பில் போடச் சொன்னேன். சீட்டை எந்தப் புடவையில் வைத்தாய் என்று தேவி கேட்டாள். முகூர்த்தப் புடவையில் என்றேன்.

"அதைக் கல்யாணத்தன்னைக்குத்தானேம்மா பிரிப்பாங்க? அதுவரைக்கும் பீரோவுலதான இருக்குது?"

ஏழு கல்யாணமும் வைகாசி வளர்பிறையில். இன்னும் ஒண்ணுகூட நடக்கவில்லை. பொறந்தது காஞ்சிபுரம், வளர்ந்தது தறிச் சத்தத்தில், இது தோணலை பாரு எனக்கு! சிரித்துச் சிரித்து வயிறு வலி. அப்புறம் கொஞ்சம் அழுதேன். ஆப்பில் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

8 ஜூன், ஞாயிறு
விடிகாலை அஞ்சு மணிக்குப் போன். பிரியதர்ஷினியின் அத்தை, மண்டபத்திலிருந்து. பொண்ணுக்குக் கட்டப் புடவையைப் பிரித்ததும் சீட்டு விழுந்ததாம். மாப்பிள்ளையின் அக்கா அதைக் காதல் கடிதாசி என்று நினைத்து எல்லார் எதிரிலும் சத்தமாகப் படித்துவிட்டாளாம்.

"பத்துப் பேர் உங்க நம்பரை எழுதிக்கினு இருக்காங்கம்மா. ஆவணியில எங்க வீட்டுக் கல்யாணம். இந்த ஆனியிலயே புடவை எடுக்க வரோம், எனக்கு மொதல்ல ரெண்டு நாளைக்கு ரூம் வையுங்க."

காதல் கடிதாசியாம். என் வீட்டுக்காரருக்கே நான் எழுதினதில்லை.

15 ஜூன், ஆனி ஒண்ணு
குடோன்காரர் வந்தார். வீட்டுக்காரர் வாசலிலேயே நிறுத்தி, மாடி ஒழியலை என்று அனுப்பிவிட்டார். அப்புறம் உள்ளே வந்து ஒரு பென்சில் டப்பாவை என் பக்கத்தில் வைத்துவிட்டு, ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

திறந்து பார்த்தேன். பத்தும் சீவியிருந்தது.