சவினோவுக்குப் புது ஈரல் வந்த கதை

தாரந்தோ, அக்டோபர் 9

அன்புள்ள ருஜேரோவுக்கு,

இங்கே நானும் உன் சித்தி ரோமில்தாவும் உயிரோடு இருக்கிறோம், அதில் என் பங்குதான் ஆச்சரியம். கனடாக் குளிரில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். உன்னைப் பெற்றவர் என் அண்ணன் என்றாலும் வளர்த்த குற்றம் என்னுடையது, ஆகவே நம் ஊர்க் காவல் புனிதர் கட்டால்டோ மேல் ஆணையாக, நீ ஒரு வரிகூட நம்பப்போகாத கதையை எழுதுகிறேன்.

ஈஸ்டருக்கு மறுநாள் துறைமுகத்தில் பச்சைச் சிப்பி தின்றேன். எலுமிச்சை பிழிந்தால் கிருமி செத்துவிடும் என்பது நம் ஊர் விஞ்ஞானம். நாலாயிரம் சிப்பி, ஒரு தோப்பு எலுமிச்சை. ரோமில்தா மட்டும் வேகவைத்துத் தின்றாள், எல்லோரும் சிரித்தோம். நாலு வாரத்தில் நான் மஞ்சளானேன், கலங்கரை விளக்கம் என்று நினைத்து இரண்டு கப்பல்கள் எங்கள் தெருப்பக்கம் திரும்பின. சிப்பியில் வந்த ஈரல் தொற்று, அநேகமாக எல்லோருக்கும் ஓய்வெடுத்தால் போய்விடும் என்றார் டாக்டர். நான் எதிலும் கூட்டத்தோடு சேர்வதில்லை.

ஞாயிறு சாப்பாட்டில் அடுத்த வீட்டு தொனாதோ, ஏம்ப்பா சவினோ, நீ பிடிச்ச ஆக்டோபஸ் எவ்ளோ பெருசுப்பா என்று வம்புக்கு இழுத்தான். வழக்கமாகப் படகளவு என்பவன், அன்றைக்கு அரைக்கிலோ என்றேனாம். உன் சித்தி கரண்டியைப் போட்டுவிட்டு, ஐயையோ, இந்த மனுஷன் உண்மைய பேசுறாரு, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க என்று அலறியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் யாரும் சிரிக்கவில்லை. ஈரல் நின்னுபோனா விஷம் மூளைக்கு ஏறும், மொதல்ல குணம்தான் மாறும், சரியாத்தாம்மா கண்டுபிடிச்சீங்க என்றார்களாம். சாயங்காலம் அவளையே யாரும்மா நீ என்று கேட்டிருக்கிறேன். ரத்தமும் உறைய மறுத்தது. வேறு ஈரல் வைக்காவிட்டால் இரண்டு நாள்தான் என்று சொல்லி, ஹெலிகாப்டரில் பெரிய ஊருக்குக் கொண்டுபோனார்கள். நாடு முழுவதற்குமான அவசரப் பட்டியலில் என் பெயர் உச்சிக்கு ஏறியது, வாழ்க்கையில் நான் முதலிடம் பிடித்த ஒரே பட்டியல். முப்பது மணி நேரத்தில் ஈரல் வந்தது, நாலு போர் விமானங்கள் காவலாக. பழைய ஈரலைத் தூக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள்.

இப்போது சாகும்வரை மாத்திரை, சாகும்வரை வேகவைத்த சாப்பாடு. நீ அந்தத் தொற்றுக்கான தடுப்பூசியைப் போட்டுக்கொள், போட்டதும் சித்திக்குச் சொல், இல்லாவிட்டால் அவள் அங்கேயே வந்துவிடுவாள். நீ நன்றாக இரு, உன் ஈரலும் நன்றாக இருக்கட்டும்.

உன் சித்தப்பா
சவினோ

பி.கு. இதில் ஒரே ஒரு சின்ன விஷயம் நிஜம். இந்த ஈரலை விட்டுச்சென்றவரின் ஊர் பேர் சொல்லமாட்டார்கள், ஐம்பத்திரண்டு வயதுப் பெண்மணி என்று மட்டும் ரோமில்தா காதில் விழுந்திருக்கிறது. அவருடைய மகனிடம் கேட்டார்களாம். அவன் சரி என்றானாம்.