முட்டை வெள்ளை தடவியது யார்

ஆம்பூர்
14.8.2004

கர்த்தருக்குள் பிரியமான பொன்மலருக்கு, சத்தியநாதன் எழுதுவது. மஸ்கட்டில் உன் நர்ஸ் வேலை நல்லபடி நடக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

எப்சி தூங்குகிறாள், சர்ச்சுக்குப் போயிருக்கிறாள் என்று மூன்று ஞாயிறாக போனில் நான் சொன்னது பொய். நம் பெண் ஆஸ்பத்திரியில் இருந்தாள். உயிருக்கு பயமில்லை. நேற்றுதான் வீட்டுக்கு வந்தோம்.

சோறு வடிக்கும்போது என் கை வழுக்கி, கஞ்சி அவள் வலது கையில் கொட்டிவிட்டது. பக்கத்து வீட்டு ராஜம்மாள் ஓடிவந்து, "குழாய்ல கைய புடிங்க சார், தண்ணி வுட்டுக்கினே இருங்க" என்றாள். தோல் ஷெட்டில் கூலி வேலை செய்கிறவள்தானே என்று எனக்கு இளக்காரம். தண்ணீர் பட்டால் கொப்பளிக்கும், உனக்கு இன்னா தெரியும் என்று அதட்டிவிட்டு, பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். உன்னிடம் கேட்டிருக்கலாம். ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் துப்பில்லையா என்பாயோ என்று வெட்கம்.

இங்கிலீஷில் ஒரு பக்கம் கிடைத்தது. முட்டை வெள்ளை தடவு, தண்ணீர் காட்டாதே என்றிருந்தது. பிரிண்ட் எடுத்துவந்து இரண்டு நாள் தடவினேன். மூன்றாம் நாள் காய்ச்சல், சீழ். தொடைத் தோலை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள்.

கம்பெனியில் கையெழுத்தும் சீலும் இல்லாத ஏற்றுமதிக் காகிதத்தைத் திருப்பி அனுப்புகிறவன் நான். அந்த முட்டை வைத்தியப் பிரிண்டை யார் எழுதியது என்று அப்புறம்தான் தேடினேன். பெயரே இல்லை. அடியில் ஒரு களிம்பு விளம்பரம் மட்டும் இருந்தது.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. முட்டையைத் தடவியது யார் என்று டாக்டர் கேட்டபோது, பக்கத்து வீட்டம்மா என்று சொல்லிவிட்டேன். ராஜம்மாள் எப்சியைத் தாங்கிக்கொண்டு அங்கேயே நின்றாள். டாக்டர் திட்டியதையெல்லாம் தலை குனிந்து வாங்கிக்கொண்டாள். இன்றைக்கும் அவள்தான் எப்சிக்குச் சாப்பாடு ஊட்டுகிறாள். சீ, என்ன மனுஷன் நான்!

திங்கட்கிழமை கட்டு மாற்றப் போகும்போது, ராஜம்மாள் எதிரிலேயே டாக்டரிடம் உண்மையைச் சொல்லப்போகிறேன். எப்சியும் கேட்கட்டும். நான் பொய் சொன்ன அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை.

கடிதம் கிடைத்ததும் போன் செய். விரல் முன்போல மடங்குமா என்று எப்சி உன்னிடம் கேட்பாள். சரியாகிவிடும் என்று நான் சொன்னேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நீ சொல்லம்மா. நீ சொன்னால் நம்புவாள்.

கர்த்தர் உன்னைக் காப்பாராக.

சத்தியநாதன்