கும்மிக்கு நடுவில் ஒரு வெள்ளைப் பக்கம்

என் தங்க அக்காவுக்கு,

இந்த வருஷ முளைப்பாரி முடிந்தது. நீ இல்லாத முதல் முளைப்பாரி. அங்கே நடந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கேட்டால் சிரிப்பாயா, "ஏலே, போதும்லே" என்று அதட்டுவாயா? எதுவானாலும் என் மனசு குளிர்ந்திருக்கிறது.

திருச்சுழியிலிருந்து வந்து, நீ கும்மிக்குப் பாடியதை மைக் வைத்துப் பதிந்துகொண்டு போனாரே, அந்த ஸ்டுடியோக்காரர் ஞாபகமிருக்கிறதா? அவர் என்று எழுதக் கை கூசுகிறது. மரியாதை இல்லாமல் எழுதினால் நீ திட்டுவாய் என்றுதான் அப்படி எழுதுகிறேன். நீ ஒரு வரி பாடி நிறுத்துவாய். பெண்கள் குனிந்து நிமிர்ந்து, கைதட்டி, ஓர் எட்டு நகர்ந்த பிறகுதான் அடுத்த வரி. அந்த இடைவெளியையெல்லாம் அவர் வீண் என்று நினைத்து வெட்டி எறிந்தார். கீபோர்டைக் கொட்டி நிரப்பி, தன் குழுவின் பாட்டு என்று இணையத்தில் ஏற்றினார். உன் பெயர் எங்கேயும் இல்லை.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரர் போனில் அதைப் போட்டார். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு நீ கேட்டாய். "என்னைய மூச்சு விட விடலயேடா" என்றாய். உன் பெயர் விட்டுப்போனதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த ஆளைச் சும்மா விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

நான் என்ன, அரிவாளா தூக்க முடியும்? அருப்புக்கோட்டையில் துணிக்கடைக்கும் மில்லுக்கும் வெப்சைட் செய்து பிழைப்பவன். தெரிந்ததைச் செய்தேன். அவர் மைக் வைத்த அன்று என் போனிலும் பிடித்திருந்த உன் குரலை வைத்து இணையத்தில் ஒரு பக்கம் போட்டேன். முழுக்க வெள்ளை. படம் இல்லை, பூ இல்லை, ஓடுகிற எழுத்து இல்லை. மேலே உன் பெயர், அதன் கீழே ஒரு கறுப்புப் புள்ளி. தொட்டால் ஒரு வரி பாடுவாய். அடுத்த புள்ளிக்கு வெறும் வெள்ளையை விரலால் தள்ளிக்கொண்டே போக வேண்டும். எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் நீ நிறுத்துகிற நேரம் ஆகாமல் அடுத்த வரி வராது.

உன் மகள் பார்த்துவிட்டு, "என்ன மாமா, பாதியில விட்டுட்டீகளா?" என்றாள். புள்ளியைத் தொட்டேன். நீ நிறுத்திய இடத்தில் அவள் கை தானாகத் தட்டியது.

முளைப்பாரி அன்று கோயிலில் அந்த ஸ்டுடியோக்காரருடைய ஸ்பீக்கர் செட்டுதான். வெட்டிய பாட்டையே பெருமையாகப் போட்டார். முளைப்பாரியை நடுவில் இறக்கிவைத்துப் பெண்கள் வட்டம் கட்டினார்கள். குனிவதற்குள் அடுத்த வரி, தட்டுவதற்குள் அதற்கடுத்தது. ஒருத்தி கை இன்னொருத்தி முகத்தில் இடித்தது. பாண்டியம்மா அத்தை நின்றுவிட்டாள். "யாரு இதப் போட்டது? கும்மி தட்ட எடமே இல்லையே" என்று ஊர் முன்னால் கேட்டாள். அவர் ஏதோ மழுப்பினார். உன் மகள் நம் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, போனை மைக்கில் வைத்துப் புள்ளி புள்ளியாகத் தொட்டாள். நீ பாடினாய், நிறுத்தினாய். அத்தனை கையும் ஒன்றாக விழுந்தது. அவர் தலைகுனிந்து நின்றதைக் கண்ணெடுக்காமல் பார்த்தேன். பாவம் என்றே தோன்றவில்லை அக்கா.

மறுவாரம் என் கடைக்கே வந்தார். ஊர் ஊராக உன் பக்கத்தைத்தான் கேட்கிறார்களாம். முதலில் மைக் வைத்தது தான்தானே என்று குழைந்தார்.

"இம்புட்டு எடம் சும்மாதான கெடக்கு. ஓரமா எங்க ஸ்டுடியோ பேரப் போட்டுவிடுப்பா."

"சும்மா கெடக்கலண்ணே. அங்கனதான் எங்கக்கா மூச்சு விடுது."

எழுந்து போனார். அது போதுமா என்றால் எனக்குப் போதாது. பஸ்ஸில் அவரைப் பார்த்தால் இன்னும் கொதிக்கிறது. ஆனால் என் உயிர் இருக்கும்வரை அந்த வெள்ளையில் அவர் பெயரின் ஓர் எழுத்தும் விழாது. நீ நிதானமாகப் பாடு.

உன்னிடம் குட்டு வாங்கியே வளர்ந்த
உன் தம்பி