நான் அடித்த வரி

இன்று காலை சிலிண்டர் மாற்ற வந்தவர் மூடியைக் கழற்றி வால்வை ஒரு தரம் அழுத்திப் பார்த்தார். உஸ்ஸென்று கொஞ்சம் வாயு வெளியே வந்தது. "பயப்படாதீங்க, ஒண்ணும் ஆவாது" என்றார். எனக்குப் பயமில்லை. உங்கள் நினைவுதான் வந்தது.

உங்களை நான் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. என் கணவரோடு ஒரே பஸ்ஸில் வடக்கே துறைமுகத்துக்குப் போய், அதே பஸ்ஸில் திரும்புவீர்கள். அவர் மேற்பார்வையாளர், நீங்கள் அவருக்குக் கீழே உதவியாளர். எங்கள் வீட்டு வாசற்படியோடு உங்களை நிறுத்திவிடுவேன். அங்கே நின்றபடி நீங்கள் இருவரும் பேசிக்கொண்டதில்தான் உங்கள் வேலையை நான் தெரிந்துகொண்டேன். கப்பலிலிருந்து திரவ வாயுவை இறக்கி முடித்ததும் குழாயில் மிச்சம் நிற்கும். நைட்ரஜனை விட்டு அதைத் தொட்டிக்குத் தள்ள வேண்டும். குழாயின் மேல் படிந்த வெண்பனி மறையும்வரை காத்திருக்க வேண்டும். உள்ளே திரவம் நிற்கும்போது இரண்டு முனை வால்வையும் மூடினால், வெயிலில் அது விரிந்து குழாயையே பிளந்துவிடும். "வெள்ளை போற வரைக்கும் நம்ம எங்கியும் போவக்கூடாதுண்ணே" என்பீர்கள். என் கணவர் சிரிப்பார்.

எங்கள் மகளைப் பெண் பார்க்க வந்த நாளில் துறைமுகத்துக்குப் போன் செய்தவள் நான். "நாலு மணிக்குள்ள நீங்க வீட்ல இல்லன்னா, இனிமே வரவே வேணாம்" என்றேன். அவர் காத்திருக்கவில்லை. இரண்டு வால்வையும் மூடினார். உங்களிடம் "லைன் காலி" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். சாப்பிட்டுவிட்டு வந்த நீங்கள் குழாயில் இன்னும் வெள்ளை இருப்பதைப் பார்த்து, ஒரு வால்வையாவது திறந்துவிட ஓடினீர்கள். கை வைக்கும்போது இணைப்பு பிய்ந்தது. உங்கள் வலது கை மணிக்கட்டோடு போயிற்று.

அவர் நடந்ததை நடந்தபடியே விசாரணைக்கு எழுதினார். "இரண்டு வால்வையும் மூடியவன் நான். காலி என்று சொன்னவனும் நான்." கான்வென்டில் எழுத்துக்குப் பரிசு வாங்கியவள் நான். சிவப்பு மையால் அந்த வரியை அடித்தேன். மேலே "உதவியாளர் மூடினார்" என்று எழுதினேன். நல்ல தாளில், என் கையெழுத்தில், பிழையில்லாமல் படி எடுத்துக் கொடுத்தேன். அவர் அழுதுகொண்டே கையொப்பமிட்டார். "ஆம்பளை அழறதுக்கு இதுல என்ன இருக்கு?" என்று கேட்டேன். நீங்கள் அப்போது ஆஸ்பத்திரியில் மயக்கத்தில் இருந்தீர்கள். உங்கள் வேலை போனது. அவர் வேலை நிலைத்தது. மகள் கல்யாணமும் நடந்தது.

அவர் இறந்த பிறகு, சென்ற தவக்காலத்தில் நீங்கள் வந்தீர்கள். நாற்காலி கொடுக்கவில்லை.

"மதாம், எனக்கு ஒண்ணும் வேணாம். எங்கையால நானே கெடுத்துக்கிட்டேன்னுதான் எம் பொண்ணுங்க கூட நெனைக்கிறாங்க. அண்ணன் மூடுனாருன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. போதும்."

"நீங்க சொல்றதுக்கு எழுத்துல ஆதாரம் இருக்கா?" என்று கேட்டேன். அடித்த வரியோடு அவர் எழுதிய தாள் எனக்குப் பின்னால் அல்மாரியில் இருந்தது. காகிதத்தைக் கிழித்துப் போடும் பழக்கம் எனக்கில்லை.

"இல்ல மதாம்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள்.

போன மாதம் கடைத்தெருச் சுவரில் உங்கள் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியைப் பார்த்தேன். வலது கை தெரியாத படமாகத் தேடிப் போட்டிருந்தார்கள். மறுநாள் தாளை எடுத்துக்கொண்டு ரெட்டியார்பாளையத்தில் உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கள் மனைவி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. நீங்களே படிங்க."

படித்தேன். உங்கள் இரண்டு பெண்களும் சமையலறையிலிருந்து வெளியே வந்தார்கள்.

"சரியா கேக்கல. இன்னொரு தபா, சத்தமா."

நின்றுகொண்டே மறுபடியும் படித்தேன். அங்கே எனக்கும் நாற்காலி போடவில்லை.

"அடிச்சது யாரு?" என்று மூத்தவள் கேட்டாள்.

"நான்தான்."

உங்கள் மனைவி தாளை நான்காக மடித்து என் கையில் வைத்தார். "அவரு கேட்டப்போ குடுத்திருந்தா வாங்கியிருப்போம். இப்ப நீங்களே வச்சிக்கங்க."

அது என் கைப்பையில்தான் இருக்கிறது. ஞாயிறு பூசைக்கும் அதோடுதான் போகிறேன்.