எதிராளி இல்லாமல் ஒரு சத்தியம்

ஹாரன் சத்தத்திலேயே தெருவை எழுப்பிவிட்டு வரும் லாரிக்காரர், என் நைனாவுக்கு,

நீ போன பிறகு நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் இப்போது எழுத்துக்காரி. சிரிக்காதே. புத்தூரில் நம் வீட்டு நடு அறையில், நீ உட்கார்ந்து சாப்பிடும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, முகம் தெரியாதவர்களுக்குக் கட்டுரை எழுதித் தருகிறேன். வேலை நெட்டில் வருகிறது, நெட்டிலேயே போகிறது.

அம்மாவைத் தனியாக விட மனம் வரவில்லை. அதனால்தான் சத்தியவேடு பக்கம் பார்த்துக்கொண்டிருந்த கம்பெனி வேலையை விட்டேன். "எழுதறதுக்கெல்லாம் யாராச்சும் கூலி குடுப்பாங்களா?" என்று அம்மா கேட்டாள். பதில் தெரியாமல்தான் ஆரம்பித்தேன். பல பேருக்கு மாதிரிக் கட்டுரை அனுப்பினேன், பதிலே இல்லை. கடைசியில் கோயம்புத்தூரில் இணைய இதழ் நடத்தும் ஒரு மேடம் மாங்காய் சீசனைப் பற்றி எழுதச் சொன்னார். இதுவும் சரிப்படாவிட்டால் மறுபடி கம்பெனி வண்டிதான் என்று எனக்குள் முடிவு செய்துவிட்டேன்.

மாங்காய் என்றால் எனக்கு நீதானே? சித்தூரில் ஜூஸ் ஃபேக்டரி வாசலில் லாரிகள் நாள்கணக்கில் வரிசையில் நிற்பதை எழுதினேன். ஆனால் மனசுக்குள் ஒரு பயம். தமிழ்நாட்டுக்குப் போய் நாம் வாயைத் திறந்தாலே, 'நீங்க தெலுங்கா?' என்று கேட்கிறார்கள் இல்லையா? நம் பேச்சு எங்கேயாவது எட்டிப் பார்த்துவிடுமோ என்று ஒவ்வொரு வரியையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். கட்டுரை பளபளவென்று ஆகிவிட்டது.

அந்தப் பளபளப்பே வினையானது. "இத நீங்க எழுதின மாதிரி தெரியல. ஏஐ எழுதினதுன்னு சாஃப்ட்வேர் சொல்லுது. மன்னிச்சுக்கங்க, போட முடியாது" என்று செய்தி வந்தது. நான்தான் எழுதினேன் என்பதற்கு என்னிடம் என்ன சாட்சி இருக்கிறது, நீயே சொல். கோபத்தில், நம் ஊரில் யாராக இருந்தாலும் சொல்வதைத்தான் நானும் பதிலாக அனுப்பினேன். "காணிப்பாக்கத்துல சத்தியம் பண்றேன்." கோயம்புத்தூரில் இருப்பவருக்கு அது என்ன புரியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சொன்னால் செய்ய வேண்டுமே. அம்மா மிரண்டுவிட்டாள். "வெளையாட்டு இல்லடி. அந்தப் புள்ளையாரு முன்னால பொய் சொன்னவன் எவனும் நல்லா இருந்தது கெடையாது. நல்லா யோசிச்சிக்கினு போ." யோசிக்க என்ன இருக்கிறது என்று பஸ் ஏறிவிட்டேன்.

குளத்தில் முழுகி, ஈரப் புடவையோடு போய் நின்றேன். எதிராளி எங்கே என்று அர்ச்சகர் தெலுங்கில் கேட்டார். சத்தியம் என்றால் வழக்காடும் இரண்டு பேரும் வருவதுதானே முறை? "கோயம்புத்தூர்ல கீறாங்க சாமி. போன்ல" என்றேன். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "போன் பார்ட்டியா! சரி, சொல்லும்மா" என்று வழி விட்டார்.

எத்தனையோ தடவை உன்னோடு வந்து கும்பிட்ட சாமிதான் நைனா. கிணற்றுத் தண்ணீருக்குள் அதே போலத்தான் உட்கார்ந்திருந்தார். 'எல்லா வரியும் நானே எழுதினது' என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. ஏனென்றால் ஒரு வரி என்னுடையது இல்லை.

ஃபேக்டரி வாசலில் வரிசை நகராமல் நின்ற சீசனில், போனில் நீ சொன்னது அது. "மொத நாளு வாசனையா இருந்துது பாப்பா. இப்ப அதே வாசன பயமா கீது." லாரியிலேயே பழுத்துக்கொண்டிருந்த காய்களைச் சொன்னாய். அதை மட்டும் தொடாமல் அப்படியே போட்டிருக்கிறேன், எப்போது போட்டேன் என்றுகூட நினைவில்லை. நீ இல்லை என்பதே ஒரு கணம் மறந்துபோய், பக்கத்தில் நிற்கிறாயா என்று திரும்பிப் பார்த்தேன்.

"மிஷின் எழுதல. ஒரு வரி எங்க நைனாது. மீதி நான் எழுதினது" என்று சத்தமாகவே சொன்னேன். வெளியே வந்ததும் அதையே கோயம்புத்தூருக்கும் அனுப்பினேன்.

பஸ் வருவதற்குள் போன் அடித்தது. மேடத்தின் குரலை அன்றுதான் முதலில் கேட்டேன். "நிஜமாவே கோயிலுக்குப் போயிட்டீங்களா? இதுக்காகவா?"

"ஆமாங்க மேடம். பண்றேன்னு சொல்லிட்டேனே."

"அப்பாவோட வரி எதுங்க?"

சொன்னேன். "அந்த வரிய மட்டும் மிஷின் எழுதியிருக்காதுன்னு எனக்கே தோணுச்சுங்க. நம்பறேன். ஆனா எல்லாத்தையும் அவரு பேசின மாதிரி எழுதிக் குடுங்க, போட்டுடலாம்."

எங்கேயோ இருக்கிறவர், என் முகத்தைப் பார்த்ததில்லை, நம் பிள்ளையாரையும் தெரியாது. வாய் வார்த்தையை நம்பிவிட்டார். இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம் அடங்கவில்லை. உலகம் இவ்வளவு பெரியதாக இருந்துகொண்டு இவ்வளவு பக்கத்தில் எப்படி இருக்கிறது நைனா?

மறுபடி எழுதினேன், வந்துவிட்டது. அடுத்த வேலையும் அவரே கொடுத்திருக்கிறார். கம்பெனிக்கு இனி திரும்ப வேண்டாம்.

வெளியான அன்று அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நீ மற்ற டிரைவர்களோடு சண்டை போடும் இடம் வந்ததும் அவள் உன் ஹாரன் கேட்டவள் போல எழுந்து போய், வாசல் கதவைத் திறந்து தெருவைப் பார்த்தாள். பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்து, "மேல படி" என்றாள்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி யாருக்காகவும் உன் பேச்சைத் திருத்த மாட்டேன். அம்மா கதவைத் திறந்து பார்க்கும்படியே எழுதுவேன்.

உன் பாப்பா,
செல்வி