இரவல் முதுகுப்பையும் சகாப்தீன் வீட்டு மானும்

1963 ஆகஸ்ட் 5, திங்கள்

கச்சான் காற்று, தென்மேற்கு வெக்கை. காலை எட்டுக்கே தகரக் கூரை சுடுகிறது. சவரம் செய்கையில் தாடையில் வெட்டு. மனைவி அடித்ததா என்று கந்தோரில் கேட்டார்கள். ஓம் என்றேன். நம்பிவிட்டார்கள். அதுதான் கவலை.

மத்தியானம் கிண்ணியாவிலிருந்து ஆள் வந்தது. சகாப்தீன் வரச் சொல்கிறானாம். ஞாயிறு மூத்த மகளுக்குக் கலியாணம், மாப்பிள்ளை மூதூர். "மாப்பிள்ளை பகுதிக்கு மான் கறி போடுவேன்" என்று சபையில் வாய்விட்டுவிட்டான். இனி மான் இல்லாவிட்டால் சம்பந்தி முன் தலைகுனிவு. சனி விடிய இரண்டு பேரும் காட்டுக்குப் போக வேண்டும், முந்தி மாதிரி.

முந்தி மாதிரி. அந்த இரண்டு சொல்லைக் கேட்ட பிறகு ஒரு கோப்பும் புரட்டவில்லை. கூலி வாங்கிக்கொண்டு சன்னலால் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரேயொரு கப்பல். ஒரு காலத்தில் எண்ண முடியாமல் நின்றவை.

கடைசியாகப் போனது ஆறு வருடத்துக்கு முன், வெள்ளைக்காரன் கப்பற்தளத்தைக் கையளித்துவிட்டுப் போன வருடம். அதுவரை டொக்யாட்டில் ஒரே சாமான் அறையில் இருந்தோம். அவன் பெட்டி தூக்குவான், நான் பெட்டிக்கு இலக்கம் எழுதுவேன். காட்டுக்குள் போனால் தொழில் மாறும்: அவன் சுடுவான், நான் சுமப்பேன். என் குண்டுக்கு இதுவரை விழுந்தது ஒரு பாலைமரக் கொப்பு மட்டும். அதுவும் பட்டுப்போன கொப்பு.

6, செவ்வாய்

எதில் சுமப்பது? இதுவரை சுமந்த விதங்கள்:

காவுதடி. 49ஆம் ஆண்டு. முன்னால் சகாப்தீன், பின்னால் நான், நடுவில் முழு மான். அதன் தலை ஆடி ஆடி நாலு மைலும் என் வயிற்றில் முட்டியது. செத்த பிறகும் விடவில்லை.

சணல் சாக்கும் கயிறும். கயிறு தோளை அறுக்கும். இரத்தம் முதுகால் வழிந்து காற்சட்டைக்குள் இறங்கும். பஸ்ஸில் ஒரு கிழவி என்னைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனாள்.

பிரம்புக் கூடை. வழி நெடுக இலையான் மொய்த்தது.

பழைய நேவிச் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். மாலுமிகள் உடுப்பு வைக்கும் நீட்டுப் பை தந்தார்கள். வீட்டில் அதற்குள் அரிசி போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு முற்றத்தைச் சுற்றினேன். பாரம் முழுக்க அடியில் போய்க் குந்திக்கொண்டு ஆளை ஒரு பக்கம் இழுத்தது. பக்கத்து வீட்டு ரீச்சர் வேலிக்கு மேலால் பார்த்து, எங்கே பயணம் என்றா. கதிர்காமம் என்றேன். பின்னேரத்துக்குள் நான் சன்னியாசம் போகிற செய்தி சந்திவரை போய்விட்டது. இரண்டு பேர் வந்து மனைவி மகேசுவுக்கு ஆறுதல் சொன்னார்கள்.

மகேசு சிரிக்கவில்லை. "உங்கட முழங்கால் கிணத்தடிக்குப் போகவே கத்துது. மான் உங்களைச் சுமக்கிற வயசு இப்ப" என்றாள்.

7, புதன்

கிடைத்துவிட்டது. மகேசுவின் தம்பி ராசனிடம். பட்டாளத்து முதுகுப்பை: பின்னால் இரும்புச் சட்டம், அகலத் தோற்பட்டி இரண்டு, இடுப்பில் கட்ட ஒரு பட்டி, பக்கத்துக்கு ஒரு சின்னப் பை. ராசன் பெண்சாதி சவர்க்காரம் போட்டுத் தோய்த்து வெயிலில் காயவைத்திருந்தாள். மணந்து பார்த்தேன். புதுப் பெண் மாதிரி. இரும்புச் சட்டம் இருப்பதால் பை முதுகில் ஒட்டாது, இடையில் காற்று ஓடும். பாரம் தோளில் பாதி, இடுப்பில் பாதி. முப்பது வயதில் இது இருந்திருந்தால் இன்றைக்கு என் முதுகெலும்பு கேள்விக்குறி மாதிரி இராது.

ராசன் ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை.

8, வியாழன்

மகேசு கோதுமை மாச் சாக்குகளைப் பிரித்து, அவித்து, ஆறு பைகள் தைத்துத் தந்தாள். திட்டிக்கொண்டேதான். இறைச்சியை நேரே பைக்குள் போடக் கூடாது. சூடு ஆறும்வரை நிழலில் தொங்கவிட்டு, துணிப் பையில் கட்டி, அதற்குப் பிறகுதான் அடுக்க வேண்டும். சூட்டோடு அடைத்தால் வீடு வர முன் மணக்கும்.

அடுக்குகிற விதம் டொக்யாட்டில் நேவிக்காரக் கிழவன் ஒருவன் படிப்பித்தது. இலேசானது அடியில். பெருந்துடை மேலே, முதுகோடு ஒட்ட. பின்னுக்குத் தள்ளி வைத்தால் யாரோ சட்டையைப் பிடித்து இழுப்பது மாதிரி இருக்கும். அவன் எனக்கும் சகாப்தீனுக்கும் ஒரே கோப்பையில் தேத்தண்ணீர் ஊற்றுவான். வேறு கோப்பை இல்லாததால்தான். நாங்கள் அதைப் பெரிய சமத்துவம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

செங்கல் அடுக்கி ஒத்திகை. ரீச்சர் மறுபடியும் பார்த்தா. இந்த முறை கும்பிட்டுவிட்டு உள்ளே போனா.

9, வெள்ளி

பின்னேரம் துறை கடக்கும் பாதைத் தோணியில் கிண்ணியா. உப்புக் காற்று, தோணி நிறையக் கலியாண வீட்டுக்குப் போகும் வாழைக்குலை.

சகாப்தீனுக்குத் தாடி வெளுத்துவிட்டது. எனக்குத் தலையில் வெளுக்க ஒன்றும் இல்லை. ஆளையாள் பார்த்துக் கொஞ்ச நேரம் சிரித்தோம். பையைத் தட்டிப் பார்த்தான், பட்டியை இழுத்துப் பார்த்தான், இந்த முறைதான் நான் மனிசனைப்போல சுமக்கப் போகிறேன் என்றான். முற்றத்தில் பந்தல். மணப்பெண் கதவுக்குப் பின்னால் நின்று பெரியப்பா வந்தாச்சா என்று என்னைப் பற்றிக் கேட்டாள். அவள் பிறந்த அன்று நாங்கள் காட்டில் நின்றோம். திரும்பி வந்து வாங்கிய ஏச்சு இன்னும் காதில்.

10, சனி. வீடு. இரவு

ஒழுங்காக எழுத வேண்டும்.

விடியப் புறப்பட்டோம். குளக்கட்டில் மாட்டுவண்டியை விட்டு, மூன்று மைல் நடை. காற்றுக்கு எதிர்ப்பக்கமாகக் குந்தியிருந்தோம். வெயில் ஏறத் தண்ணீருக்கு ஐந்து மான் வந்தன. இளங்கலைமான் ஒன்றைச் சுட்டான். விழுந்து, எழும்பி, விழுந்தது. உயிர் இருக்கும்போதே கத்தி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அவன் வீட்டுக்கு அது இறைச்சி அல்ல. நாற்பத்தெட்டு வயதில் அவன் ஓடிய ஓட்டம்! அல்லாவின் பெயர் சொல்லி அறுத்தான். திரும்பிப் பார்த்த முகத்தில் பழைய சகாப்தீன்.

உரித்து, எலும்பு கழற்றி, கொப்பில் தொங்கவிட்டு ஆறவைத்து, துணியில் கட்டி, பாடம் சொன்னபடி அடுக்கினேன். யானைக் காடு என்பதால் துவக்குக்காரன் சுமக்கக் கூடாது. முழுவதும் என் முதுகில். நல்ல பாரம், ஆனால் நல்ல பை. வழி நெடுக வாய் ஓயாமல் பழங்கதை சொன்னேன்.

பாதி வழியில் ஒரு மரநிழலில் இறக்கிவைத்தோம். அவன் தண்ணீர் குடிக்கத் தள்ளிப் போனான். முகம் துடைக்கிற லேஞ்சியை அந்தப் பக்கத்துச் சின்னப் பைக்குள் வைத்த ஞாபகம். கை விட்டேன். விரலில் குத்தியது. கட்டையான கறுப்பு மயிர், ஒரு பிடி, காய்ந்த இரத்தத்தில் ஒட்டிப்போய். சவர்க்காரம் அந்த மூலைக்குப் போகவில்லை.

காட்டுப்பன்றி மயிர். எனக்குத் தெரியாதா? தம்பலகாமத்து வயலைக் கிண்டும் பன்றிகளைச் சுடுவதுதான் ராசனின் சனிக்கிழமை வேலை. அந்தக் கறி எங்கள் வீட்டுக்கும் வரும். நான் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கித் தின்றிருக்கிறேன். அந்தப் பை எதைச் சுமந்தது என்று மட்டும் யோசிக்கவில்லை. சவர்க்கார மணத்தில் மயங்கிப் போனேன்.

கையை மூடிக்கொண்டேன். பையைத் தூக்கி நடந்தேன். ஆறு துணியில் கட்டியிருக்கிறது, யாருக்கும் தெரியப் போவதில்லை, நாளைக்கு மூதூரார் நாக்கைச் சப்பிக்கொண்டு போவார்கள், சகாப்தீனின் வாக்கு நிற்கும். எல்லாம் சரியாகத்தான் வந்தது, கை மட்டும் திறக்க மறுத்தது. ஒரு மைல் இருக்கும். என் சீவியத்தில் இவ்வளவு நேரம் நான் பேசாமல் இருந்ததில்லை.

"என்ன மச்சான், வாய் செத்துப் போச்சா?" என்றான்.

பையை இறக்கிக் கையை விரித்துக் காட்டினேன்.

பார்த்தான். தொடவில்லை. "ராசன்ட பையா?"

"ஓம்."

மூடியைத் திறக்கச் சொன்னான். துணிகள் நனைந்து, பையின் உட்புறமெல்லாம் சிவப்பு. குந்திவிட்டான். காகம் ஒன்று கத்திக்கொண்டிருந்தது.

"அங்க இருந்தே தெரிஞ்சுதான் சுமந்தியா?"

"ஓம்."

"பிறகு ஏன் சொன்ன?"

"தெரியல்ல."

சகாப்தீன் வண்டிக்காரனிடமும் மறைக்கவில்லை. ஊர் எல்லையில் பையை மரத்தடியில் வைத்துவிட்டு, பள்ளிவாசலில் தொழுவிக்கும் லெப்பையைக் கூட்டி வந்தான். லெப்பை பொறுமையான மனிதர். ஈரமா, காய்ந்ததா என்று கேட்டார். ஈரம் என்றான். ஈரம் பட்டால் பன்றி அசுத்தம் ஒட்டுமாம். ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்த தண்ணீரால். பிறகு தின்னலாம் என்றார். எனக்கு உயிர் வந்தது. நானே கழுவுகிறேன் என்று சட்டையை மடித்தேன்.

சகாப்தீன் தலையாட்டினான். "சட்டம் சரி, லெப்பை. ஆனா சபையில இதச் சொல்லிப்போட்டுப் பரிமாற ஏலாது. சொல்லாமப் பரிமாற அதைவிட ஏலாது." பிறகு என்னிடம், முகம் பாராமல்: "நீ கொண்டு போ."

நாளைக்கு வா என்று சொல்லவில்லை.

தனியாக மானைச் சுமந்துகொண்டு தோணி ஏறினேன். மகேசு தெருவுக்கெல்லாம் பங்கிட்டாள். ராசன் வந்து தின்று, நல்ல மெதுவான இறைச்சி என்றான். அவனைச் சொல்லி என்ன. எனக்குச் சோறும் சம்பலும். முப்பது வயதில் செய்த பிழை என்றால் திருத்த நாள் கிடக்கும்.

11, ஞாயிறு

போவதா விடுவதா. பத்து மணிவரை வேட்டியும் கையுமாக நின்றேன். "போகாட்டில் ஒளிச்ச மாதிரி ஆகும். சொல்லத் தெரிஞ்ச ஆள் போகவும் வேணும்" என்றாள் மகேசு. கண்ணாடிப் பாத்திரச் செட் ஒன்று பரிசு.

தோணிக்காரன் என்னைப் பார்த்ததும் மற்றவனுக்குக் கண்ணைக் காட்டினான். கிண்ணியா முழுக்கத் தெரிந்திருக்கிறது.

பந்தலில் சாப்பாட்டு நேரம். மாப்பிள்ளையின் பெரிய மாமா, மீசைக்காரர், உரத்து: "எங்க சகாப்தீன் நானா, மான்?"

சகாப்தீன் நடுவில் நின்று, "மான் கிடைச்சது. என்ட வீட்டுக்குக் கொண்டு வர ஏலாமப் போச்சு. வாக்குப் பிழை என்ட பிழைதான். இண்டைக்கு மாட்டுக் கறிதான், பொறுத்துக்கொள்ளுங்க" என்றான். என் பெயரை எடுக்கவில்லை. எடுக்கத் தேவையும் இல்லை, பாதிப் பந்தல் என்னைத்தான் பார்த்தது.

அவர்கள் சாப்பிடுவது சஹனில்: ஒரு பெரிய தாம்பாளம், ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே சோற்றில் கை வைப்பது. மாடு எனக்கு ஆகாது என்று அறிந்து, என் பாயில் வைத்த சஹனுக்கு ஆட்டுக் கறி. அதைக்கூட யோசித்திருக்கிறான். ஐந்து பேர் இருந்தோம். எதிரே ஒருவர் நீட்டிய கையை மெல்ல மடிக்குள் எடுத்துக்கொண்டார். சொறியத்தானோ என்னவோ. நான் என் கையைப் பார்த்தபடி இருந்தேன்.

பெண்ணின் தகப்பன் விருந்தினர் முடியும்வரை உட்காருவதில்லை. சகாப்தீன் சாரத்தை மடித்துக்கொண்டு வந்து ஆறாவது ஆளாக எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மச்சான், நேத்து..." என்று தொடங்கினேன்.

"கதைய விட்டுட்டுத் தின்னு" என்றான்.

சோற்றில் கை வைத்தான். எலும்பிலிருந்து ஒரு துண்டைக் கழற்றி என் பக்கம் வைத்தான். நான் எடுத்தேன். எதிரே இருந்தவரின் கையும் வந்தது.